குடியிலிருந்து மீள ஓர் ஆதரவுக் குழு: பக்கத்தில் தேடுவது முதல் அதில் நிலைப்பது வரை

குடியை விட வேண்டும் என்ற எண்ணம் பலருக்குக் காலையில் வரும், சாயங்காலம் கரைந்துவிடும். காலையில் எடுத்த முடிவு பொய்யானது இல்லை. சாயங்காலம் வரும்போது அதைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆட்களைத் தேடிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடியை விட நினைப்பவருக்காகவும், அவருக்காகத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேடத் தொடங்கியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எந்தக் குழு சிறந்தது?" என்பது. என் பதில் இது: நீங்கள் வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் நேரத்தில், உங்களுடைய மிக மோசமான நாளில்கூடப் போய்ச் சேர முடிகிற தூரத்தில் நடக்கும் கூட்டம்தான் உங்களுக்குச் சிறந்தது. குழுவின் பெயர், கொள்கை, புகழ் எல்லாம் அதற்கு அப்புறம்.

குழுவுக்கு முன் மருத்துவர்

தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது உடம்புக்கு ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். வலிப்போ குழப்பமோ கண்டால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

காலையில் எழுந்ததும் கைநடுக்கத்தை அடக்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 சேர்த்து, உடம்பைப் பத்திரமாக இந்தக் கட்டத்தைத் தாண்ட வைக்க அவர்களுக்குத் தெரியும். ஆதரவுக் குழுவில் இருப்பவர்கள் எவ்வளவு அனுபவசாலிகளாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் அங்கே வேலை செய்யும் சமூகப் பணியாளருக்கும் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். பல சிகிச்சை மையங்களின் வளாகத்திலேயே வாரம் ஒரு கூட்டம் நடப்பதுண்டு. கிளம்பும்போது, "இங்கே பக்கத்தில் மீட்டிங் எங்கே நடக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

என்னென்ன குழுக்கள் இருக்கின்றன

பெரும்பாலான ஊர்களில் முதலில் கண்ணில் படுவது ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுமார் 180 நாடுகளில் இது இருக்கிறது. இது தொடங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவே பக்கத்தில் ஆள் தேடிய கதைதான். 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் ஒரு வியாபார வேலையாக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரத்துக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போனது. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் நின்றபோது மதுக்கூடம் அவரை இழுத்தது. அவர் அங்கிருந்த தொலைபேசியை எடுத்து, உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, இந்த ஊரில் குடியோடு போராடும் யாரையாவது எனக்கு அறிமுகப்படுத்த முடியுமா என்று கேட்டார். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார்கள். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்த அந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

பில் அன்று தேடியது அறிவுரை சொல்பவரை இல்லை. தன்னைப் போலவே தவிக்கும் இன்னொருவரைத் தேடினார். ஏஏ இன்றும் அப்படித்தான் நடக்கிறது. மருத்துவரோ ஆலோசகரோ தலைமை தாங்குவதில்லை. குடிநோயாளிகளே நடத்துகிறார்கள், குடிநோயாளிகளே பேசுகிறார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தாவோ கட்டணமோ கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். அதில் விரும்பினால் போடலாம், புதிதாக வருபவர் போடவே வேண்டாம்.

மீள்வதற்கான வழியாக ஏஏ பன்னிரண்டு படிகளை முன்வைக்கிறது. மதுவின் முன் தான் சக்தியற்றுப் போனதை ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் அதைச் சரிசெய்வது, கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று அவை போகும். இவற்றில் கடவுளைப் பற்றிய பேச்சு வரும். "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை இல்லாத பலரும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சில நகரங்களில் நம்பிக்கையற்றவர்களுக்கென்றே ஏஏ கூட்டங்கள் நடக்கின்றன.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை வைத்துப் பார்த்தது. ஏஏவில் ஈடுபட வைக்கும்படி முறையாக வகுக்கப்பட்ட சிகிச்சைகளைப் பெற்றவர்களில், தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்களின் விகிதம் மற்ற சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. எவ்வளவு குடித்தார்கள் என்பது போன்ற மற்ற அளவுகோல்களில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. எல்லாருக்கும் இது பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெறும் பேச்சுதானே என்று ஒதுக்கிவிடுபவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏஏ ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. ஸ்மார்ட் ரெக்கவரி 1994இல் தொடங்கியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் முறைகளை வைத்து நடக்கிறது, கடவுள் பேச்சு இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், பங்கேற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் நேராக உரையாடலாம். லைஃப்ரிங் என்பதும் மதம் சாராதது. பெண்களுக்காகவே 1970களில் ஜீன் கர்க்பேட்ரிக் தொடங்கியது விமன் ஃபார் சொப்ரைட்டி. ஐரோப்பாவில் 1877இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய புளூ கிராஸ் இன்றும் பல நாடுகளில் இயங்குகிறது. ஜப்பானின் தன்ஷுகாய் குழுக்களில் குடும்பத்தோடு வந்து உட்காருகிறார்கள், பெயரை மறைப்பதும் இல்லை. இவற்றில் எது உங்கள் ஊரில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கொள்கைகளை ஒப்பிட்டுப் படித்துக்கொண்டே வாரங்களைக் கழித்துவிடாதீர்கள்.

தேடும் முறை

முதலில் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். உங்களுக்கு எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது? வாரத்தில் எந்த நாட்கள் மோசமானவை? அந்த நேரத்தில் வண்டி இல்லாமலோ, யாரும் கொண்டுவிடாமலோ எவ்வளவு தூரம் உங்களால் போக முடியும்? வேலை முடிந்து வரும் வழியில்தான் ஆபத்து என்றால், வேலையிடத்துக்குப் பக்கத்தில் நடக்கும் கூட்டம் வீட்டுக்குப் பக்கத்தில் நடப்பதைவிட நல்லது. வார இறுதியில்தான் சிக்கல் என்பவருக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டும் போதாது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு தேடினால், கிடைக்கும் பட்டியலில் பாதி தானாகவே விலகிவிடும்.

அப்புறம் இணையத்தில் தேடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. தேடல் முடிவுகளில் மேலே வருபவை பெரும்பாலும் கட்டணச் சிகிச்சை மையங்களின் விளம்பரங்கள். சில இணையதளங்கள் "இலவச உதவி எண்" என்று போட்டிருக்கும். அதில் எடுத்துப் பேசுபவர், ஆள் அனுப்பினால் கமிஷன் பெறும் முகவராக இருக்கலாம். உங்கள் காப்பீடு, வருமானம், விலாசம் என்று அவர் கேட்கத் தொடங்கினால் போனை வைத்துவிடுங்கள். ஆதரவுக் குழுவுக்கு இவை எதுவுமே தேவையில்லை. அந்தந்த அமைப்பின் சொந்த இணையதளத்துக்கே நேராகப் போய், அதில் உங்கள் நாட்டின் பக்கத்தையும், அதற்குள் உங்கள் ஊரையும் தேடுங்கள். ஏஏவுக்கு மீட்டிங் கைட் என்ற இலவச செயலி உண்டு. அதில் பட்டியலிடப்பட்ட பகுதிகளில் நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுத்து எப்போது கூட்டம் என்பதைக் காட்டும்.

பட்டியலில் உள்ள சொற்களைப் புரிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும். ஓப்பன் மீட்டிங் என்றால் யாரும் வரலாம், வீட்டாரும் நண்பரும் கூட. குளோஸ்டு மீட்டிங் என்றால் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். ஸ்பீக்கர் மீட்டிங்கில் ஒருவர் தன் கதையை நீளமாகச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். பேசவே கூச்சமாக இருப்பவர் இதில் தொடங்கலாம். புதியவர்களுக்கான கூட்டம், பெண்களுக்கான கூட்டம், இளைஞர்களுக்கான கூட்டம் என்றும் இருக்கும். மொழியையும் கவனியுங்கள். மனதில் இருப்பதை எந்த மொழியில் தடையில்லாமல் சொல்ல வருமோ அந்த மொழிக் கூட்டத்தையே முதலில் தேடுங்கள்.

இணையத்தில் வராத கூட்டங்கள் ஏராளம். வழிபாட்டுத் தலங்கள், சமூகக் கூடங்கள், பள்ளிக் கட்டடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இடம் எடுத்து நடத்துகிறார்கள். அங்கே கூட்டம் நடக்கிறது என்பதால் அந்த மதத்துக்கும் குழுவுக்கும் தொடர்பு உண்டு என்று ஆகாது. அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், காவலாளியிடம் கேளுங்கள். நூலகத்திலும் ஆரம்பச் சுகாதார மையத்திலும் கேட்கலாம்.

போகும் முன் ஒரு போன்

பட்டியலில் உள்ள நேரமும் இடமும் பழையதாக இருக்கலாம். துணிச்சலைத் திரட்டிக்கொண்டு போனவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுமுறை கிளம்புவது கஷ்டம். அதனால் முதல் முறை போகும் முன் தொடர்பு எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏஏ எண்ணில் பெரும்பாலும் எடுப்பவரும் ஒரு குடிநோயாளிதான். உங்கள் குரல் நடுங்கினால் அவருக்குப் புரியும்.

என்ன பேசுவது என்று தயங்குகிறவருக்காக: "வணக்கம். குடியை நிறுத்த நினைக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு இதுவரை வந்ததில்லை. இந்த வாரம் கூட்டம் உண்டா? கட்டடத்தில் எந்த வழியாக வர வேண்டும்?" இவ்வளவு போதும். பெயர் சொல்ல வேண்டாம். கூச்சமாக இருந்தால் ஒன்று மட்டும் சேர்த்துக் கேளுங்கள்: "வாசலில் யாராவது எனக்காக நிற்க முடியுமா?" பல குழுக்கள் இதைச் சந்தோஷமாகச் செய்யும். சக்கர நாற்காலி வருமா, குழந்தையை அழைத்து வரலாமா, பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையெல்லாம் இப்போதே கேட்டுவிடலாம்.

முதல் கூட்டம்

பத்து நிமிடம் முன்னால் போங்கள். தாமதமாகப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயமே உங்களை வாசலில் நிறுத்திவிடும். ஏஏ கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம். யாராவது ஒருவர் தொடங்கி வைப்பார். சின்னதாக ஏதாவது வாசிப்பார்கள். புதியவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். உங்கள் முறை வரும்போது, "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும். யாரும் வற்புறுத்தக் கூடாது.

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் பதில் சொல்லாமல் இருப்பது புதிதாக வருபவருக்கு விசித்திரமாகத் தோன்றும். யாரும் அறிவுரை சொல்வதில்லை, இடைமறிப்பதில்லை, நீ செய்தது தப்பு என்பதில்லை. வெளியே எல்லாரிடமும் திட்டு வாங்கியே பழகிய ஒருவருக்கு, குறுக்கே யாரும் பேசாத மூன்று நிமிடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே நான் இந்தக் கூட்டங்களை மதிக்கிறேன்.

கேட்கும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அங்கே ஒருவர் வீட்டை இழந்திருப்பார், இன்னொருவர் சிறைக்குப் போய் வந்திருப்பார். "நான் அந்த அளவுக்கு இல்லையே" என்று மனம் உடனே கணக்குப் போடும். நிகழ்ச்சிகளை ஒப்பிடாமல் உணர்வுகளை ஒப்பிடுங்கள். பாட்டிலை ஒளித்து வைத்தது, "இன்று ஒன்றே ஒன்று" என்று தொடங்கியது, மறுநாள் முகம் கொடுக்க முடியாமல் போனது போன்றவற்றில் எது உங்களுடையதோ அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்று குடித்திருந்தால்? முடிந்தவரை குடிக்காமல் போங்கள். ஆனால் குடித்துவிட்டோம் என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம், பேச மட்டும் வேண்டாம் என்பதே பல குழுக்களின் நிலை. வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், இது முக்கியம். நாற்காலிகளை அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான அறிமுகம் நடக்கிறது. கிளம்பும் முன் குறைந்தது இரண்டு பேருடைய போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

இது எனக்கான குழுவா?

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு கூட்டங்களாவது போய்ப் பாருங்கள், முடிந்தால் வெவ்வேறு இடங்களில். ஒரே ஏஏ என்றாலும் ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது. ஒன்று கடவுள் பேச்சால் நிறைந்திருக்கும், அடுத்த தெருவில் உள்ளது சிரிப்பால் நிறைந்திருக்கும்.

பல வருடங்களாகக் குடிக்காமல் இருப்பவர்களும் நேற்று வந்தவர்களும் ஒரே அறையில் இருந்தால் அது நல்ல அறிகுறி. பொறுப்புகள் கைமாறிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். நீங்கள் ஒரு வாரம் வரவில்லை என்றால் யாராவது விசாரிப்பார்களா என்று பாருங்கள்.

சில குழுக்களிலிருந்து விலகிவிடுவது நல்லது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் உறுப்பினரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் போன்றவை குடிநோய்க்கு மருத்துவர்கள் தரும் மருந்துகள். மனச்சோர்வுக்கான மருந்தும் பலருக்குத் தேவைப்படும். இவற்றைச் சாப்பிடுபவர் உண்மையில் குடியை விட்டவர் ஆகமாட்டார் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏஏவின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. கடன் கேட்பவர், தன் வியாபாரத்தில் சேர்க்கப் பார்ப்பவர், ஒருவரே எல்லாவற்றையும் ஆட்டிப் படைக்கும் குழு என்றால் வேறிடம் பாருங்கள். புதிதாக வந்து மனம் தளர்ந்திருப்பவரிடம் பழைய உறுப்பினர் காதல் பேச்சு, தொடுகை என்று நெருங்குவதும் சில இடங்களில் நடக்கிறது. அது உங்கள் தவறு இல்லை. குழுவில் நம்பிக்கையான இன்னொருவரிடம் சொல்லுங்கள், அடுத்த குழுவுக்கு மாறுங்கள். பயமாக இருந்தால் காவல்துறையிடம் போகவும் தயங்க வேண்டாம்.

ரகசியத்தைப் பற்றியும் தெளிவாக இருங்கள். "இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிடுங்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்கள், பெரும்பாலானவர்கள் அதைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். ஆனால் மருத்துவருக்கு இருப்பது போன்ற சட்டக் கட்டுப்பாடு சக உறுப்பினருக்குக் கிடையாது. வழக்கு, வேலை தொடர்பான சிக்கலான விவரங்களை வழக்கறிஞரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். கூட்டத்தில் மனதைப் பேசினால் போதும்.

நிலைப்பதற்கு

பிடித்த குழு கிடைத்துவிட்டால் அதை உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஏவில் ஹோம் குரூப் என்பார்கள். ஒவ்வொரு வாரமும் அங்கே போவது என்று வையுங்கள். ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்பவர்களும் உண்டு. அது விதி இல்லை, பழக்கத்தில் வந்த யோசனைதான். முடிந்தவர் செய்யலாம், முடியாதவர் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம்.

ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கதவு திறப்பது, நாற்காலி போடுவது, எதுவானாலும் சரி. போகத் தோன்றாத நாளில், "நான் போகாவிட்டால் கதவு திறக்காது" என்ற நினைப்பு உங்களைக் கிளப்பிவிடும்.

பன்னிரண்டு படிகளின் வழியாகப் போகிறவர்கள் ஒரு ஸ்பான்சரை வைத்துக்கொள்வார்கள். தனக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்து, இப்போது கைகொடுக்கத் தயாராக இருப்பவர் அவர். சில வருடங்களாவது குடிக்காமல் இருப்பவரா, கேட்டால் போனை எடுப்பவரா, அவர் வாழ்க்கை நீங்கள் விரும்பும் விதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காதல் சிக்கல் வராமல் இருக்க ஆண்கள் ஆணையும் பெண்கள் பெண்ணையும் தேர்ந்தெடுப்பது வழக்கம். தற்பாலின ஈர்ப்புள்ளவர்கள் இதே அக்கறையோடு தங்களுக்குப் பொருந்தியபடி மாற்றிக்கொள்வார்கள். ஒத்துவராவிட்டால் ஸ்பான்சரை மாற்றலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை.

வாங்கி வைத்த போன் எண்களை நல்ல நாளிலேயே பயன்படுத்திப் பழகுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று நாலு முறை பேசிய எண்ணுக்குத்தான் ஐந்தாவது முறை, கை பாட்டிலை நோக்கிப் போகும்போது, கூப்பிட வரும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் கவனிக்கச் சொல்வார்கள் அங்கே. குடிக்கும் ஆசை வந்ததும் இந்த நான்கில் எது என்று பார்த்து அதற்கு ஏதாவது செய்துவிட்டு, அப்புறம் போன் போடுங்கள்.

பக்கத்தில் குழுவே இல்லை என்றால்

இணையவழிக் கூட்டங்கள் உலகின் எல்லா நேர மண்டலங்களிலும் நடக்கின்றன. ஏஏ, ஸ்மார்ட் ரெக்கவரி, பெண்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் உண்டு. கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிவிட்டு உட்காரலாம். நள்ளிரவில் தவிக்கும் ஒருவருக்கு இது பெரிய வரம். ஆனாலும் முடிந்தால் மாதம் ஒரு முறையாவது நேரில் நடக்கும் கூட்டத்துக்குப் பயணம் செய்யுங்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் கை நடுங்குவது தெரியாது.

இன்னொரு வழி, நீங்களே தொடங்குவது. குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் ஒன்றுகூடினாலே, வேறு அமைப்பு எதையும் சாராதவரை, அதை ஏஏ குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது அவர்களுடைய மரபு. அருகிலுள்ள நகரத்து ஏஏ அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் வாசிப்புத் தாள்களும் வழிமுறையும் தருவார்கள், சில நேரம் பழைய உறுப்பினர்கள் முதல் சில வாரங்கள் வந்து உட்காருவார்கள். ஸ்மார்ட் ரெக்கவரி குழு தொடங்க முதலில் பயிற்சி எடுக்க வேண்டும். எதைத் தொடங்கினாலும் நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். ஒருவர் மட்டும் வந்தாலும், யாருமே வராவிட்டாலும், அந்த ஒரு மணி நேரம் கதவு திறந்தே இருக்கட்டும்.

மறுபடி குடித்துவிட்டால்

நடக்கிற விஷயம்தான் இது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அதற்கு முன் ஒரு போன். வெட்கம் உங்களை மூன்று வாரம் வெளியே வைத்துவிட்டால் அந்த மூன்று வாரத்தில் சேதம் பெருகும். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் இதே வழியில் விழுந்து எழுந்தவர்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணிவந்த நாட்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம், ஆனால் இதுவரை கற்றது எங்கும் போய்விடவில்லை.

பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி நிறுத்தும்போதும் மருத்துவர் வேண்டும். நிறுத்துவதும் குடிப்பதுமாக மாறி மாறி நடக்கும்போது, நிறுத்தியதும் வரும் நடுக்கம், வலிப்பு போன்ற அறிகுறிகள் முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கூட்ட நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு

அவர் வரமாட்டேன் என்கிறாரா? நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் உருவானது அல்-அனான், பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக 1957இல் அலட்டீன் வந்தது. இந்த நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். "நீ சரியாக இருந்திருந்தால் அவர் குடித்திருப்பாரா" என்ற பேச்சைக் கேட்டே வாழ்ந்தவருக்கு இந்தச் சொற்கள் எவ்வளவு பெரிய விடுதலை என்பது அங்கே உட்கார்ந்தால் தெரியும்.

விலகி நின்று காத்திருப்பதைவிட ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்களுக்கு கிராஃப்ட் என்ற பயிற்சி முறை உண்டு. ஸ்மார்ட் ரெக்கவரியின் குடும்பக் கூட்டங்களில் இதன் வழிகளைக் கற்றுத் தருகிறார்கள். குடிக்காத நேரத்தை நல்ல விதமாகக் கவனிப்பது, குடித்ததன் விளைவுகளை நாம் மூடி மறைக்காமல் விடுவது, சிகிச்சைப் பேச்சை எடுக்கச் சரியான நேரம் பார்ப்பது போன்றவை அதில் அடங்கும். குடித்திருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். அடிதடி இருக்கும் வீட்டில் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போங்கள். குழுவைப் பற்றிய யோசனை அதற்கு அப்புறம்.

அவருக்காக ஏஏ எண்ணில் நீங்கள் கூப்பிட்டால் தகவல் தருவார்கள், ஆனால் அவர் விரும்பாமல் வந்து இழுத்துப் போக மாட்டார்கள். அதனால் உங்கள் வேலை, தயாராக இருப்பது. பக்கத்துக் கூட்டங்களின் நாள், நேரம், வழி, தொடர்பு எண் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள், ஓர் ஓப்பன் மீட்டிங்குக்கு நீங்களே ஒரு முறை போய் இடத்தைப் பார்த்து வாருங்கள். ஒரு நாள் காலையில் அவர், "என்னால் முடியவில்லை" என்று சொன்னால், "சாயங்காலம் பேசலாம்" என்று தள்ளிப்போடாமல் அந்த எண்ணை அப்போதே அழைத்து, போனை அவர் கையில் கொடுங்கள்.